குகைப் பாட்டு நிற்கும்வரை

சுண்டு என்ற பெயர் அவனுக்கு இப்போது கொஞ்சமும் பொருந்தாது. நாற்பதை நெருங்கும் வயது, சட்டைப் பொத்தானோடு தினமும் மல்லுக்கட்டும் வயிறு, முன்மண்டையில் பளபளவென்று ஏறிக்கொண்டிருக்கும் வழுக்கை. ஆனாலும் பக்கத்துக் கடைக்காரர்கள், வாடிக்கையாளர்கள், கட்டிய மனைவி உட்பட எல்லோருக்கும் அவன் சுண்டுதான். அக்கா வைத்த பெயர். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தானாம்.

ஒரு பழைய வணிக வளாகத்தின் படிக்கட்டுக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் அவனுடைய ரிப்பேர் கடை இருந்தது. பலகையில் 'செல்போன் பழுதுபார்க்கப்படும்' என்றுதான் எழுதியிருந்தது. வயிற்றுப்பாட்டுக்கு அது. மனசுக்குப் பிடித்த வேலை பழைய வீடியோ கேம் பெட்டிகள். தூசி அடைந்து, ஒயர் அறுந்து, செத்துப்போனது என்று வீசப்பட்ட பெட்டியை அவன் வாங்கி வைத்து, ஊதி, துடைத்து, சால்டரிங் கம்பியால் தொட்டுத் தொட்டு உயிர் கொடுப்பான்.

அப்படி ஒரு பெட்டியைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தவர்தான் சேனல்காரர். பழைய விளையாட்டுகளைப் பற்றி இணையத்தில் ஒரு சேனல் நடத்துகிற இளைஞர். வந்தவர் கண் அலமாரியின் மேல் தட்டில் நின்றது.

"அது விளக்குப் பையன் கேம்தானே? ஒரிஜினல் டப்பாவோட வச்சிருக்கீங்க?"

"சின்ன வயசுல இருந்து என்கிட்டயே இருக்கு."

"அது வெளிவந்து இந்த மாசத்தோட முப்பது வருஷம் ஆகுது. உலகம் பூரா கொண்டாடுறாங்க. நீங்க அதைப் பத்தி கொஞ்சம் பேசுறீங்களா? இங்கேயே, கடையில உட்கார்ந்துக்கிட்டே. நான் படம் பிடிச்சுக்கறேன்."

சுண்டு முதலில் கூச்சப்பட்டான். நான்கு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தாலே வாய் குழறுகிற ஆள். ஆனால் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் மடை திறந்துகொண்டது.

"அந்தக் கதையில சூரியனை ஒரு மலை முழுங்கிடும்," என்று ஆரம்பித்தான். "ஊரே இருட்டு. ஒரு சின்னப் பையன் கையில ஒரு விளக்கு. அவ்வளவுதான் ஆயுதம். இப்போ வர்ற கேமுல எல்லாம் எடுத்த எடுப்புல துப்பாக்கி குடுத்துடறாங்க. இதுல கத்தியே பாதிக் கதைக்கு அப்புறம்தான் கிடைக்கும். அதுவரைக்கும் வெளிச்சத்தைக் காட்டியே தப்பிக்கணும். புல்வெளியில காத்து அடிச்சா விளக்கு ஆடும், நிழலும் சேர்ந்து ஆடும். நாம ஒண்ணும் செய்யாம விட்டுட்டா அந்தப் பையன் கீழே உட்கார்ந்து கொட்டாவி விடுவான். அதைப் பார்க்கிறதுக்காகவே நான் சும்மா விட்டுடுவேன்."

பெட்டியைக் கொடுத்தது கப்பலில் வேலை பார்த்த மாமா. எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கியது. திரையில் வருகிற எழுத்தெல்லாம் வேறு பாஷை. சுண்டுவுக்கு அப்போது ஒன்பது வயது, ஒரு எழுத்தும் புரியாது. அக்காவுக்குப் பதினாலு. அவளுக்கும் புரியாது என்பது ரொம்பப் பிற்பாடுதான் அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் விரல் வைத்துப் படிப்பதுபோலவே படித்துக்காட்டுவாள்.

"சதுப்புல ஒரு தவளை கடை வச்சிருக்கும். அது ரிட்டையர் ஆன போலீஸ்காரர்னு அக்கா சொன்னா. வீட்டுல பொண்டாட்டி திட்டு தாங்காம இங்க வந்து கடை போட்டுட்டாராம். குகைக்கு அடியில ஒரு கல்பூதம் இருக்கும். யாரைப் பார்த்தாலும் அடிக்கும். ஏன்க்கா அவனுக்கு இவ்வளவு கோபம்னு கேட்டேன். பல்வலிடா, பாவம்னா. அதுல இருந்து அவன் எங்களுக்குப் பல்வலிக்காரன்."

சேனல்காரர் கேமராவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினார்.

"இதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. குகைக்குள்ள போனா ஒரு பாட்டு வரும். பெரிய பெரிய மணிகள் ஒண்ணோட ஒண்ணு மோதுற மாதிரி. அந்தப் பாட்டு ஓடும்போது குகையை விட்டு வெளியே வரக் கூடாது, எங்க ரூமை விட்டும் வெளியே போகக் கூடாது, சத்தத்தையும் குறைக்கக் கூடாது. மீறினா விளக்கு அணைஞ்சு, சேர்த்து வச்சதெல்லாம் போயிடும். அக்கா வந்து போதும்னு சொன்ன பிறகுதான் வெளியே வரலாம். இது கேமோட சட்டம்னு அக்கா சொல்லியிருந்தா. வளர்ந்து பெரியவனாகி, இணையத்துல தேடிப் பார்க்கிறேன், அப்படி ஒரு சட்டமே கிடையாது. என்னை உட்கார வச்சுட்டு அவ அம்மாவோட சேர்ந்து பிஸ்கெட் தின்னப் போயிருக்கா."

பிறகு பல்வலிக்காரனை வீழ்த்திய நாளைச் சொன்னான். பள்ளிக்கூட விடுமுறை, வெளியே மழை. பல வாரமாகத் தோற்றுக்கொண்டே இருந்தவன் அன்றைக்குக் கடைசி அடியை அடித்ததும் பூதம் மண்டியிட்டு, பொலபொலவென்று கல்லாக உதிர்ந்தது. சொல்லுவதற்காகக் கதவுக்கு ஓடினான். வெளியே தாழ்ப்பாள். தட்டோ தட்டு என்று தட்டினான். வெகுநேரம் கழித்துத்தான் அக்கா வந்தாள். அவனை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

"நான் ஜெயிச்சதுக்கு அவ அப்படி அழுதா," என்றான் சுண்டு, கேமராவைப் பார்த்து. "அந்த வருஷம்தான் எங்க வீட்டுலயே சந்தோஷமான வருஷம்."

வீடியோ வெளிவந்த வேகத்தில் பரவியது. 'எனக்கும் இப்படி ஒரு அக்கா இருந்திருந்தால்' என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். மறுநாள் வளாகத்து வாட்ச்மேன்கூட, "என்ன, குகைக்குள்ள போயாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டு மேஜையில் மனைவி தன் போனில் அதை ஓடவிட்டாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்ற களைப்பிலும் அவள் முகம் மலர்ந்திருந்தது. எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பா தரைக்கு ஓடு பதிக்கும் வேலை செய்தவர். அவர் பதித்த தரையில் கோலிக்குண்டை வைத்தால் உருளாது என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். இப்போது முட்டி இரண்டும் போய்விட்டன. கையில் நடுக்கம், கரண்டியைப் பிடித்தால் சூப் பாதி மேஜைக்குத்தான். அம்மா இறந்த பிறகு சுண்டுதான் அவரைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டான். குளிப்பாட்டுவது, சவரம் செய்துவிடுவது, நகம் வெட்டுவது எல்லாம் அவன்தான். "இந்தக் காலத்துல எவன் இப்படிப் பார்த்துக்கறான்?" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அக்கா மட்டும் அம்மாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேலை, லீவு கிடைக்கவில்லை என்பாள். பெற்ற அப்பனை ஒரு எட்டு பார்க்கக்கூட மனசு வரவில்லையே என்று சுண்டுவுக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம் புகைந்துகொண்டே இருந்தது.

"கொஞ்சம் சத்தமா வைம்மா," என்றார் அப்பா.

மருமகள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அப்பா கடைசிவரை தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா பேசியிருக்கே. அந்த மணிச் சத்தம் எனக்கும் ஞாபகம் இருக்கு."

"நீங்க எங்க ரூமுக்கே வந்ததில்லையேப்பா."

"சுவர் மெல்லிசு," என்றார் அப்பா. பிறகு தண்ணீர் கேட்டார்.

மறுநாள் கடையில் இருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"பார்த்தேன்டா."

"எப்படி இருந்துது?" சுண்டு பாராட்டுக்குக் காத்திருந்தான்.

"நாளைக்கு டிப்போவுக்கு வா. காலை டிரிப் முடிஞ்சா மதியம் வரைக்கும் சும்மாதான் இருப்பேன்."

"என்னன்னு இப்பவே சொல்லேன்."

"போன்ல சொல்ற மாதிரி இல்ல. வா."

டிப்போவில் மஞ்சள் பேருந்துகள் வரிசையாக நின்றன. டீசல் வாடை. அக்காவின் வண்டி கடைசியில், சுவரை ஒட்டி நின்றது. அவள் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள். கட்டையாக வெட்டிய முடி, முழங்கை வரை மடித்துவிட்ட யூனிபார்ம், ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துத் திரண்ட கை. பிள்ளைகள் விட்டுப்போன ஒற்றைக் காலுறையும் தண்ணீர் பாட்டிலும் முன் இருக்கையில் கிடந்தன.

"உட்காரு," என்றாள்.

சிறுபிள்ளைகளுக்கான இருக்கை. முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தான். அவள் பெருக்குவதை நிறுத்தவில்லை.

"பிஸ்கெட் தின்னப் போனேன்னு சொன்னியே. எந்த பிஸ்கெட்டுடா?"

சுண்டு சிரித்தான். "அது சும்மா, பேச்சு சுவாரஸ்யத்துக்கு."

"நம்ம வீட்டுல பிஸ்கெட் வாங்கி வச்சதா உனக்கு ஞாபகம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தான். இல்லை.

அக்கா துடைப்பத்தைக் கம்பியில் சாய்த்துவிட்டு அவனுக்குக் குறுக்கே இருந்த இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்தாள்.

"அப்பா வேலை முடிஞ்சு வந்ததும் பையைக் கீழே வைப்பாரே. சுத்தியல், பூச்சுக் கரண்டி எல்லாம் போட்ட பை. மெதுவா வச்சா ஒண்ணும் இல்ல. தொப்புன்னு போட்டா, உன்னைக் குகைக்குள்ள அனுப்பிடுவேன்."

"ஏன்?"

"அந்தக் கேமுலயே அதுதான் சத்தமான பாட்டு. அதைவிடச் சத்தமா வேற எதுவும் இல்ல."

சுண்டுவுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே அது புரிந்தது. ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அம்மாவை அடிப்பாருடா."

பக்கத்து வண்டியில் யாரோ டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பாவா?" என்றான். "அவர் குடிக்கக்கூட மாட்டாரே அக்கா."

"குடிக்கிறவங்கதான் அடிப்பாங்கன்னு யார் சொன்னா? அவர் நிதானமாத்தான் அடிப்பாரு. ஜன்னலைச் சாத்திட்டு, வாட்சைக் கழட்டி மேஜைமேல வச்சுட்டு. நான் போய் நடுவுல நின்னா பாதி எனக்கு விழும். அம்மாவுக்கு அவ்வளவு மிச்சம்."

"நீ மாடிப்படியில விழுந்து கையில மாவுக்கட்டு போட்டிருந்தே."

"எந்தப் படியிலயும் விழல."

அந்த மாவுக்கட்டின்மேல் அவன் விளக்குப் பையனை வரைந்திருந்தான். நீலப் பேனாவால். ஆடாமல் இருக்கச் சொல்லி அவளை அதட்டியதுகூட நினைவுக்கு வந்தது.

"பூதத்துக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேட்டே," என்றாள் அக்கா. "எனக்கு என்னடா தெரியும்? நானும் அதைத்தான் தினம் யோசிச்சுக்கிட்டிருந்தேன். பல்வலின்னு வாயில வந்ததைச் சொன்னேன்."

"அந்த மழை நாள்..." என்று ஆரம்பித்த சுண்டு நிறுத்திக்கொண்டான். கேட்காமலே விட்டுவிடலாமா என்று இருந்தது.

அவள் விடவில்லை. இதைச் சொல்வதற்குத்தான் வரச்சொல்லியிருந்தாள் போல.

"அன்னிக்கு மழைன்னு அவருக்கு வேலை இல்ல. காலையில இருந்து வீட்டுலயே இருந்தாரு. என்ன காரணம்னு இப்போ எனக்கு ஞாபகம் இல்ல. காரணம்னு ஒண்ணு இருந்திருக்காது. அம்மா சமையலறைத் தரையில கிடந்தாங்க. இடது காதுல இருந்து ரத்தம் வந்து கழுத்து வரைக்கும் இறங்கிட்டிருந்துது. அந்த நேரம் பார்த்து நீ உள்ளே இருந்து கதவைத் தட்டுறே. ஜெயிச்சுட்டேன் அக்கா, திறங்கிறே. நீ தட்டத் தட்ட அவர் அந்தக் கதவையே பார்க்கிறாரு. அதுவரைக்கும் உன் பக்கம் அவர் திரும்பினதே இல்ல. நான் ஓடிப்போய் கதவுல முதுகைக் குடுத்து நின்னேன். நீ தட்டுறது என் முதுகுல இடிக்குது."

"அப்புறம்?"

"அப்புறம் அவர் நாற்காலியில உட்கார்ந்துட்டாரு. சாப்பாடு போடுன்னாரு. அம்மா எழுந்து போட்டாங்க."

சுண்டு இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அம்மாவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் வைத்துப் போய்விட்டது என்று சொல்லி வைத்திருந்தார்கள். தெருவில் நடக்கும்போது எப்போதும் அம்மாவுக்கு வலப்பக்கமாக நடப்பான். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கட்டிலை மறுபக்கம் நகர்த்தி, வலது காதோரம் குனிந்துதான் பேசினான். அதை ஒரு நல்ல மகனின் அக்கறை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறான்.

"ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல? இத்தனை வருஷமா அவரை நான் என் வீட்டுல..."

"எதுக்குச் சொல்லணும்? நம்ம வீட்டுல ஒருத்தனாவது நல்லாத் தூங்கினானே, அப்படியே இருக்கட்டும்னு விட்டேன்." அக்கா கீழே கிடந்த ஒரு பென்சிலை எடுத்து அதன் முனையைப் பார்த்தாள். "பள்ளிக்கூட வாசல்ல வண்டியை நிறுத்திட்டு உன் வீடியோவைக் கேட்டேன். பிள்ளைங்க ஏற வந்து நிக்குதுங்க. எனக்குக் கதவு திறக்கிற பட்டன் எதுன்னு மறந்துபோச்சு. தினமும் அமுக்குற பட்டன்டா."

"அந்த வீடியோவை எடுத்துடச் சொல்றேன்."

"எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? நீ பொய் ஒண்ணும் சொல்லலையே. உனக்கு அது சந்தோஷமான வருஷம்தான். அப்படி இருக்கணும்னுதான் நான் அவ்வளவு பாடுபட்டேன். ஆனா 'எங்க வீட்டுல'ன்னு சொன்னே பாரு. அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தாங்கல."

எதற்கென்றே தெரியாமல், "உனக்கு அந்தக் கேம் பிடிக்கவே பிடிக்காதா?" என்று கேட்டான்.

"தவளையைப் பிடிக்கும்," என்றாள் அக்கா. சிரிக்கப் பார்த்தாள். "அந்த மணிச் சத்தம் கேட்டா இப்பவும் குமட்டும்."

அன்று சுண்டு கடையைத் திறக்கவில்லை. நேராக வீட்டுக்குப் போனான். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யும் நாள்.

"எங்கே போயிட்டே? காத்துக்கிட்டே இருக்கேன்."

சுண்டு வெந்நீர் கொண்டுவந்தான். சோப்பு நுரையைக் கன்னத்தில் தடவினான். ஒரு பக்கம் வழித்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சுகமாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். கழுத்துத் தோல் தொளதொளவென்று அவன் விரலுக்குள் நகர்ந்தது.

"அம்மாவுக்குக் காது எப்படிப் போச்சுப்பா?"

"சீழ் வச்சு."

"எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?"

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "டாக்டர்கிட்ட எல்லாம் போகல."

"ஏன் போகல?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவ சொல்லிட்டாளா?" என்றார்.

"சொல்லிட்டா."

மறுப்பார் என்று சுண்டு எதிர்பார்த்தான். அவள் பொய் சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரமாவது ஓட்டியிருப்பான். அப்பா அதைச் செய்யவில்லை. கண்ணைத் திறந்து அவனை நேராகப் பார்த்தார். குரலில் நடுக்கம் இல்லை.

"உன்னை ஒரு நாளாவது தொட்டிருக்கேனா?"

"இல்ல."

"ஒரு அடி? ஒரு கிள்ளு?"

"இல்லப்பா."

"அப்புறம் என்ன?" என்றார். கேள்வி அதோடு முடிந்துவிட்டது என்பதுபோல மறுபடி கண்ணை மூடி, வழிக்காத கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

சுண்டுவின் கையில் சவரக்கத்தி இருந்தது. அதை நீரில் அலசினான். அலசிக்கொண்டே நின்றான். தண்ணீர் ஆறிப்போகும் வரை நின்றான். பிறகு அந்தப் பக்கத்தையும் வழித்து முடித்து, முகத்தைத் துடைத்துவிட்டு, வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான்.

வேலையிலிருந்து வந்த மனைவி அவனை அங்கேதான் பார்த்தாள். கேட்டாள், சொன்னான். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கேயாவது முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்," என்றாள். "நான் இனி அவருக்குப் பரிமாற மாட்டேன். என்னால முடியாது."

அக்காவிடம் கேட்டான். அவள் பட்டென்று சொல்லிவிட்டாள். "என்கிட்ட கேட்காதே. அவரைப் பத்தி நினைச்சே என் பாதி ஆயுசு போச்சு. இனிமே அவர் விஷயத்துல ஒரு முடிவும் நான் எடுக்க மாட்டேன். நீயாச்சு, அவராச்சு."

இரண்டு இல்லங்களைப் போய்ப் பார்த்தான். ஒன்றில் கிழவர்கள் வராந்தாவில் வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்துவிட்டான். அது இரக்கமா, பழக்கமா, கோழைத்தனமா என்று அவனுக்கே தெரியவில்லை. அப்பா வீட்டிலேயே இருந்தார். சுண்டுவே பரிமாறினான், குளிப்பாட்டினான், துணி மாற்றினான். வேலை ஒன்றும் குறையவில்லை. பேச்சு மட்டும் நின்றுபோனது. முதலில் கொஞ்ச நாள் அப்பா வானிலை, விலைவாசி என்று ஏதாவது ஆரம்பிப்பார். பிறகு ஒருநாள், "பேசவே மாட்டியா?" என்று கேட்டார்.

"பேச என்ன இருக்கு?" என்றான் சுண்டு. காலுறையை மாட்டிவிட்டு எழுந்தான்.

சேனல்காரர் நல்லவர். ஏன் என்று கேட்காமல் வீடியோவை நீக்கிவிட்டார். ஆனால் அதற்குள் யார் யாரோ அதைத் துண்டாக வெட்டி எடுத்திருந்தார்கள். குகைச் சட்டத்தை அவன் சொல்லும் இடம் மட்டும், பின்னணியில் மணிப் பாட்டோடு. ஒருநாள் டீக்கடையில் நின்றிருந்தபோது பக்கத்தில் ஒரு பெண் தன் தம்பிக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் தோளில் தோள் இடிக்கச் சிரித்தார்கள். சுண்டு டீயை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தான். அன்றைக்கே அலமாரியின் மேல் தட்டிலிருந்த டப்பாவை இறக்கினான். விற்கவும் மனம் வரவில்லை, உடைக்கவும் வரவில்லை. யாராவது கேட்டால் காசு வாங்காமல் கொடுத்துவிடலாம் என்று கண்ணில் படும் இடத்தில் வைத்தான். முதலில் கேட்டவரிடம் கொடுத்துவிட்டான்.

வாரத்தில் ஒருநாள் டிப்போவுக்குப் போகிற வழக்கம் மட்டும் ஏற்பட்டது. இரண்டு பேருக்குமாகச் சாப்பாடு எடுத்துப்போவான். அக்கா சில நாள் பழைய கதையை எடுக்கமாட்டாள். வண்டியின் பிரேக் சரியில்லை, மேலாளர் சிடுமூஞ்சி என்று புலம்புவாள். சில நாள் தானாகவே ஒன்றைச் சொல்லுவாள். மாமா ஒருமுறை அப்பாவின் சட்டையைப் பிடித்தது, அதற்குப் பிறகு மாமா வருவது நின்றது, கீழ்வீட்டு டீச்சர் எல்லாம் தெரிந்தும் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டது. சுண்டு குறுக்கே பேசாமல் கேட்பான். தன் சொந்த வீட்டைப் பற்றி மூன்றாம் மனிதர் சொல்லக் கேட்பது போலிருக்கும்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மதியம், சாப்பிட்டு முடித்துக் கை துடைக்கும்போது அவள் சொன்னாள்.

"ஒருதடவை கிளம்பினோம், தெரியுமா?"

"எங்கே?"

"எங்கேன்னு அம்மாவுக்கே தெரியாது. பள்ளிக்கூடம் முடிஞ்சு வந்த நம்ம ரெண்டு பேரையும் அப்படியே இழுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாங்க. ஒரு பையில துணி. டிக்கெட்கூட எடுத்தாச்சு. ஜன்னல் சீட் உனக்கு. வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருந்துது."

"எனக்கு ஞாபகமே இல்ல."

"நீ அழ ஆரம்பிச்சே. பெட்டியை விட்டுட்டு வந்துட்டோம், கேம் பாதியில நிக்குது, வீட்டுக்குப் போகணும்னு. சின்ன அழுகை இல்ல. வண்டியே திரும்பிப் பார்க்குது. அம்மா கொஞ்ச நேரம் உன்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டாங்க."

சுண்டு சாப்பாட்டு டப்பாவின் மூடியை மூடப் பார்த்தான், பொருந்தவில்லை. அக்கா அதை அவன் கையிலிருந்து வாங்கி அழுத்தி மூடினாள்.

"அதனால இல்லடா," என்றாள். "அம்மாவுக்குப் போக பயம். திரும்பிப் போக ஒரு சாக்கு வேணும். நீ அழலைன்னாலும் இறங்கியிருப்பாங்க."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அவள் எழுந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போய், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பள்ளி விடும் நேரம் நெருங்கிவிட்டது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

"இறங்கு, நேரமாச்சு," என்றாள். "அடுத்த வாரம் வரும்போது சாப்பாட்டுல உப்பு கொஞ்சம் கம்மியா போடச் சொல்லு. எனக்குப் பிரஷர்."

அவன் இறங்கி ஓரமாக நின்றான். பேருந்து பின்னால் வந்து, திரும்பி, வாசலைக் கடந்து ஈரச் சாலையில் கலந்தது. சுண்டு காலியான சாப்பாட்டு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு கடையைத் திறக்க நடந்தான்.